சேமித்த செட்டிங் காணவில்லையா? ஃபியூஷனில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

"அண்ணா, நேற்றிரவு சேமித்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் திறந்தால் காணவில்லை." கல்யாண வீடியோவும் திருவிழா வீடியோவும் தொகுக்கும் தம்பி தங்கைகள் இலங்கை மலையகத்து ஹட்டனில் என் அறைக்குப் படியேறி வந்ததும் முதலில் சொல்வது இதுதான். கணினியைத் திறந்து தேடினால், பொருள் அழிந்திருப்பது மிக அரிது. வேறொரு கோப்புறையில் இருக்கும், பெயரின் கடைசியில் வேறொரு பின்னொட்டோடு இருக்கும், அல்லது அவர்கள் நினைத்த வகையில் அல்லாமல் வேறு வகையில் சேமிக்கப்பட்டிருக்கும். நோடுகளை, அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் சிறு பெட்டிகளை, இணைத்து வேலை செய்யும் மென்பொருள்களில் நமது அமைப்பு (செட்டிங்) என்பது சில கிலோபைட் அளவுள்ள ஓர் எழுத்துக் கோப்பு. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

இங்கே நான் எழுதுவது டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளுக்குள் இருக்கும் ஃபியூஷன் பக்கத்தைப் பற்றி. அதன் இலவசப் பதிப்பில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் தொழில் பழகுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு என்னுடைய 'மூடுபனி' மேக்ரோவையே (பல நோடுகளைக் கட்டிச் செய்த ஒரே கருவி) வைத்துக்கொள்கிறேன். நுவரெலியாவிலோ கந்தப்பளையிலோ மணமக்களை வெளியில் நிறுத்திப் படம் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். முதல் ஷாட்டில் தேயிலை மலை முழுவதும் பனி. லென்ஸை மாற்றி முடிப்பதற்குள் வெயில். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வேறு வேறு நாட்களில் எடுத்ததுபோல் தெரியும். ஆகவே பனிபோன்ற வடிவத்தை உண்டாக்க ஒரு ஃபாஸ்ட் நாய்ஸ், அதை மென்மையாக்க ஒரு பிளர், படத்தின் மேல் இறக்க ஒரு மெர்ஜ் என்று மூன்று நோடுகளைக் கட்டி, வெயில் ஷாட்டுக்கும் பனி போடுகிறேன். ஸ்கேல் (அளவு), டீட்டெய்ல் (நுணுக்கம்), சீத் (கொந்தளிப்பு) ஆகிய மூன்று எண்களையும் நம் மலைப் பனிக்கு ஏற்றபடி பிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. அப்படிப்பட்ட எண்களை ஒருவர் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி: எந்த வகையில் சேமித்தீர்கள்?

அறிகுறிக்குப் போகுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். 'சேமித்தேன்' என்ற ஒரு சொல்லுக்குள் இங்கே ஐந்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

நோடின் மேல் வலது சொடுக்கு செய்து 'செட்டிங்ஸ்' என்பதில் 'சேவ் அஸ்' கொடுத்தால், அந்த நோடின் மதிப்புகள் தனிக் கோப்பாகின்றன. நீங்களாகத் தேடி ஏற்றும்வரை அது எங்கும் தானாகத் தோன்றாது. அதே இடத்தில் 'சேவ் டிஃபோல்ட்' கொடுத்தால், இனிமேல் போடும் அந்த வகை நோடு ஒவ்வொன்றும் இந்த மதிப்புகளோடுதான் வரும். பல நோடுகளைத் தேர்ந்து 'கிரியேட் மேக்ரோ' கொடுத்தால் அவை ஒரே கருவியாகின்றன. அந்த மேக்ரோவை 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறைக்குள் உரிய இடத்தில் வைத்தால் எடிட் பக்கத்தில் தலைப்பாகவோ விளைவாகவோ கிடைக்கும். ஐந்தாவது, நோடின் மதிப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டர் பலகத்தில் ஒவ்வொரு நோடுக்கும் உள்ள 1 முதல் 6 வரையான பதிப்பு எண்கள். இந்த ஆறும் அந்தக் காம்பொசிஷனுக்குள், அதாவது அந்தக் கிளிப்புக்காகக் கட்டிய நோடு அமைப்புக்குள், மட்டுமே வாழ்பவை. 3ஆம் எண்ணில் வைத்துவிட்டு வேறு புராஜெக்டில் தேடினால் கிடைக்காது. பழைய புராஜெக்டைத் திறந்து அந்த எண்ணை அழுத்தி, 'சேவ் அஸ்' கொடுத்து வெளியே எடுங்கள். வந்த சிக்கல் இதுவானால் இத்துடன் தீர்ந்தது.

அறிகுறி: மேக்ரோ சேமித்தேன், மெனுவில் இல்லை

அதிகம் வருவது இதுதான், காரணங்களும் பல. ஆகவே பொறுமையாகப் பார்ப்போம்.

முதல் காரணம், கோப்பு தவறான வீட்டில் இருப்பது. ஃபியூஷன் முன்பு தனி மென்பொருளாகவே இருந்தது. 2018இல் ரிசால்வ் 15 வந்தபோதுதான் ரிசால்வுக்குள் ஒரு பக்கமாகச் சேர்ந்தது. தனி ஃபியூஷன் இன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் கோப்புறைகள் வேறு. பழைய பாட வீடியோவைப் பார்த்துச் சேமித்தவர்கள் தனி ஃபியூஷனின் கோப்புறையில் போட்டுவிட்டு ரிசால்வில் தேடுகிறார்கள்.

விண்டோஸில் பார்க்கும் வழி: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு எண்டர் கொடுங்கள். திறப்பது ரோமிங் என்ற கோப்புறை. அதற்குள் பிளாக்மேஜிக் டிசைன், அதற்குள் டாவின்சி ரிசால்வ், அதற்குள் சப்போர்ட், அதற்குள் ஃபியூஷன், அதற்குள் மேக்ரோஸ். ரிசால்வுக்கு உரிய வீடு இது. பிளாக்மேஜிக் டிசைனுக்குள் நேராக ஃபியூஷன் என்று இன்னொன்று இருந்தால் அது தனி மென்பொருளுடையது. ஆப்டேட்டா கோப்புறையை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். அதனால்தான் கையால் தேடிப் போகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. மேக்ரோஸ் என்ற கோப்புறையே இல்லாவிட்டால் அதே ஆங்கில எழுத்துகளில் நீங்களே ஒன்றை உருவாக்கலாம்.

இரண்டாவது காரணம் பின்னொட்டு. கோப்பு 'செட்டிங்' என்ற பின்னொட்டோடு முடிய வேண்டும். நோட்பேடில் ஒட்டிச் சேமித்தவர்களுக்கு அது 'செட்டிங்' என்று முடிந்து அதன் பிறகு இன்னொரு புள்ளியும் 'டிஎக்ஸ்டி'யும் ஒட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் கடைசிப் பின்னொட்டை மறைத்துவிடுவதால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இயக்கிவிட்டுப் பாருங்கள். வால் தெரிந்தால் வெட்டிவிடுங்கள். இந்த ஒரு விருப்பத்தை எல்லோரும் நிரந்தரமாகவே இயக்கி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவது, மறுதொடக்கம். சரியான இடத்தில் இருந்தும் தோன்றவில்லை என்றால் ரிசால்வை முழுவதுமாக மூடித் திறங்கள். எடிட் பக்கத்து டைட்டில்ஸ் பட்டியலில் வர வேண்டியதற்கு இது கட்டாயம். அப்படிப்பட்டவை டெம்ப்ளேட்ஸ், அதற்குள் எடிட், அதற்குள் டைட்டில்ஸ் என்ற வரிசையில் இருக்க வேண்டும். ஒரு படி தவறினாலும் ரிசால்வ் எட்டிப் பார்க்காது.

எங்கே சேமித்தோம் என்றே நினைவில்லையா? எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவைத் திறந்து, தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, செட்டிங் என்று ஆங்கிலத்தில் இடுங்கள். தேதி வாரியாக அடுக்குங்கள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் கொட்டகலையிலிருந்து வந்த தம்பியின் மூன்று மாத உழைப்பு இப்படித்தான் டவுன்லோட்ஸ் கோப்புறையில், கல்யாணப் பத்திரிகைப் படங்களுக்கு நடுவில் கிடைத்தது. ஆப்டேட்டா மறைந்திருப்பதால் இந்தத் தேடலில் வராமல் போகலாம். அதைத் தனியாகத் திறந்து ஒரு முறை தேடுங்கள்.

பெயர் வைக்கும்போது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முதல் எழுத்து எண்ணாக வேண்டாம். ஃபியூஷன் தன் நோடுகளுக்குப் பெயர் வைக்கும் விதி அதுதான்.

அறிகுறி: புதிதாகப் போடும் ஒவ்வொரு நோடும் பிழையான மதிப்போடு வருகிறது

'சேவ் அஸ்' என்று நினைத்து 'சேவ் டிஃபோல்ட்' மேல் சொடுக்கியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மெனுவில் இருப்பதால் அவசரத்தில் நடந்துவிடுகிறது. சாமத்தியச் சடங்கு வீடியோவுக்காக இளஞ்சிவப்பில் பெரிதாக்கிய டெக்ஸ்ட் பிளஸ் என்ற எழுத்து நோடு, அடுத்த வாரம் மரண அறிவித்தல் வீடியோவிலும் அதே இளஞ்சிவப்பில் வந்து நின்றால் எவ்வளவு சங்கடம்.

அந்த வகை நோடு ஒன்றைப் போட்டு, வலது சொடுக்கு, செட்டிங்ஸ், 'ரீசெட் டிஃபோல்ட்'. இனி வருபவை தொழிற்சாலை மதிப்போடு வரும். ஏற்கெனவே காம்பொசிஷனில் இருப்பவை அப்படியே இருக்கும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். மெனு வழியாகச் சரிவராவிட்டால், முன்பு சொன்ன ஃபியூஷன் கோப்புறைக்குள் 'டிஃபோல்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். ரிசால்வை மூடிவிட்டு, அதற்குள் அந்தக் கருவியின் பெயர் தாங்கிய கோப்பை வேறிடத்துக்கு நகர்த்துங்கள். அழித்துவிட வேண்டாம்.

அறிகுறி: பனி படத்தின் நடுவில் பெட்டிபோல நிற்கிறது

பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கை அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. ஒன்பது வளைவுப் பாலத்தின் காட்சி, அதன் நடுவில் மட்டும் ஒரு நீள்சதுரத்துக்குள் பனி அடைபட்டிருந்தது. நான்கு ஓரங்களிலும் பளிச்சென்ற வெயில்.

காரணம் இது. ஃபாஸ்ட் நாய்ஸ், பேக்ரவுண்ட், டெக்ஸ்ட் பிளஸ் போன்றவை தாமே படத்தை உண்டாக்கும் நோடுகள். அவற்றின் 'இமேஜ்' தாவலில் அகலமும் உயரமும் இருக்கும், அருகில் 'ஆட்டோ ரெசல்யூஷன்' என்ற தேர்வுப் பெட்டியும் இருக்கும். அந்தப் பெட்டியில் குறி இல்லாமல் சேமித்தால் 1920க்கு 1080 என்ற எண்கள் கோப்புக்குள் உறைந்துவிடும். பிறகு 3840க்கு 2160 படத்தின் மேல் இறக்கினால் மெர்ஜ் அதைப் பெரிதாக்காது. உள்ளபடியே நடுவில் வைக்கும். அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி, பரப்பில் கால்பங்குதான் மூடும்.

அந்தப் பெட்டியில் குறி இட்டு மீண்டும் சேமியுங்கள். மேக்ரோவுக்குள் புதைந்திருந்தால் அடுத்த பகுதியில் சொல்லும் வழியில் உடைத்துத் திருத்த வேண்டும். படம் முழுவதுமே தெளிவிழந்து மங்கியிருந்தால் இதன் மறுபக்கத்தைச் சந்தேகியுங்கள்: சிறிய அளவுள்ள நோடு மெர்ஜின் பின்னணி முனையில் இணைந்திருக்கும். மெர்ஜின் வெளியீட்டு அளவைத் தீர்மானிப்பது பின்னணிதான்.

அறிகுறி: மேக்ரோ வருகிறது, ஆனால் இன்ஸ்பெக்டர் வெறுமையாக இருக்கிறது

மேக்ரோ உருவாக்கும் சாளரத்தில் ஒவ்வொரு நோடின் கட்டுப்பாடுகளும் நீளமாக விரியும். எதன் அருகில் குறி இடுகிறீர்களோ அது மட்டும்தான் வெளியே தெரியும். எதிலும் குறி இடாமல் சேமித்தால் வேலை செய்யும், ஆனால் எதையும் மாற்ற முடியாத மேக்ரோ கிடைக்கும். படத்தை உள்ளே வாங்கும் முனைக்குக் குறி இடாவிட்டால் இணைப்பதற்கு அம்பும் இருக்காது.

திருத்த நான் கையாளும் வழி: கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து நோட்பேடில் திறங்கள். மேற்பகுதியில் 'மேக்ரோ ஆபரேட்டர்' என்ற ஆங்கிலச் சொல் இடைவெளியின்றி ஒரே சொல்லாக இருக்கும். அதில் 'மேக்ரோ' என்பதை மட்டும் 'குரூப்' என்று மாற்றுங்கள். முதலெழுத்துகள் பெரிய எழுத்தாகவே இருக்கட்டும். சேமித்து, அந்தக் கோப்பை நோடுப் பரப்பின் மேல் இழுத்துப் போட்டால் மேக்ரோ ஒரு குழுவாக வந்து விழும். திறந்தால் உள்ளே உங்கள் நோடுகள் அத்தனையும் இருக்கும். குழுவைக் கலைத்து, திருத்தி, மறுபடி மேக்ரோ ஆக்குங்கள்.

அப்போது நோடுகளைக் கட்டம் போட்டுப் பிடிக்காமல், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் தேர்ந்த வரிசையில்தான் கட்டுப்பாடுகள் அடுக்கப்படும். என் மூடுபனியில் முதலில் மெர்ஜின் 'பிளெண்ட்' தெரிய வேண்டும், ஏனென்றால் பத்து ஷாட்டில் ஒன்பதில் நான் தொடுவது அதைத்தான். ஆகவே மெர்ஜைத்தான் முதலில் சொடுக்குகிறேன். இன்ஸ்பெக்டரில் கை போகும் இடத்தில் கட்டுப்பாடு இருப்பது இரவு இரண்டு மணிக்கு வேலை செய்யும்போது எவ்வளவு பெரிய உதவி என்பது செய்து பார்த்தால் தெரியும்.

அறிகுறி: மேக்ரோவைத் திருத்தினேன், பழைய வீடியோவில் மாறவில்லை

மாறாது. மேக்ரோவைப் போட்ட கணத்திலேயே அதன் முழு உள்ளடக்கமும் அந்தக் காம்பொசிஷனுக்குள் பிரதியாகிவிடுகிறது. பழையதை நீக்கிப் புதியதைப் போட வேண்டும். இதனால் ஒரு நன்மையும் உண்டு: மேக்ரோ கோப்பே தொலைந்தாலும், அதைப் பயன்படுத்திய பழைய புராஜெக்ட் ஒன்று இருந்தால் அங்கிருந்து அப்படியே மீட்டுவிடலாம்.

அறிகுறி: என் கணினியில் சரி, கடையின் கணினியில் எழுத்து சிதைகிறது

செட்டிங் கோப்பு எழுத்துருவின் பெயரை மட்டும் எழுதி வைக்கிறது. எழுத்துருவை அது சுமந்து செல்வதில்லை. நம் நாட்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் அதிகம், அதனால் இந்தப் பிழை இங்கே மற்ற இடங்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. நீங்கள் 'த' என்று காண்பது உள்ளுக்குள் ஆங்கில 'ஜே'. செட்டிங் கோப்பை நோட்பேடில் திறந்து, எழுத்து இருக்கும் வரியைப் பாருங்கள்: மணமக்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். பாமினி இல்லாத கணினி அவற்றை அப்படியே திரையில் கொட்டுகிறது.

உடனடித் தீர்வு, அந்தக் கணினியில் அதே எழுத்துருவை நிறுவிவிட்டு ரிசால்வை மறுபடி திறப்பது. நிரந்தரத் தீர்வு, பெயரை யூனிகோடில் தட்டச்சிட்டு, லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவோடு டிஃபோல்ட்டைச் சேமிப்பது. மாறுவதற்கு முன் உங்கள் பதிப்பின் டெக்ஸ்ட் பிளஸில் 'கொட்டகலை' என்று தட்டச்சிட்டுப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் 'க'வைச் சரியாக அணைத்து நின்றால், ஐகாரமும் 'ல'வுக்கு முன்னால் விழுந்தால், நம்பிக்கையோடு மாறலாம்.

எழுத்துக்குப் பதில் படமே வரவில்லை என்றால், படக் கோப்பை ஏற்றும் லோடர் நோடு பழைய கணினியின் முழு முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டி டிரைவில் இருந்த பூமாலைப் படத்தை மற்றக் கணினியின் டி டிரைவில் தேடுகிறது. புதிய இடத்தைக் காட்டிவிட்டு மீண்டும் சேமியுங்கள்.

அறிகுறி: தலைப்பு முன்கூட்டியே மறைந்துவிடுகிறது

அசைவோடு சேமித்தால் கீஃப்ரேம்கள் (அசைவு தொடங்கும், முடியும் இடங்களின் குறிகள்) ஃபிரேம் எண்ணோடு சேமிக்கப்படுகின்றன, நொடியோடு அல்ல. நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள டைம்லைனில் 5 நொடி ஓடும் தலைப்பு 125 ஃபிரேம். அதையே 50 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் இரண்டரை நொடியில் முடிந்துவிடும். நீளமான கிளிப்பில் போட்டாலும் 125இல் மறைந்து, மிச்ச நேரம் வெறுமை.

நோடு வரிசையின் கடைசியில் 'கீஃப்ரேம் ஸ்ட்ரெச்சர்' ஒன்றைச் சேருங்கள். நுழைவு அசைவு எந்த ஃபிரேமில் முடிகிறது, வெளியேறும் அசைவு எதில் தொடங்குகிறது என்ற இரண்டு எண்களை அதில் கொடுத்தால், நடுப்பகுதி மட்டும் கிளிப்பின் நீளத்துக்கு ஏற்ப இழுபடும். அதையும் சேர்த்து மேக்ரோ ஆக்குங்கள்.

அறிகுறி: நண்பர் அனுப்பியதை ஒட்டினேன், எதுவும் விழவில்லை

நோடுகளைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டினால் அவை எழுத்தாக விழும். அந்த எழுத்தைப் பிரதி எடுத்து ஃபியூஷனில் ஒட்டினால் மறுபடி நோடுகளாகும். வாட்ஸ்அப்பில் செய்தியாகவே அனுப்பிக்கொள்ளலாம் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஆனால் கைப்பேசியில் தேர்ந்தெடுக்கும்போது கடைசி வரிகள் விடுபட்டுப்போகும். முதல் வரியின் வளை அடைப்புக்குறிக்கு இணையானது கடைசி வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு காற்புள்ளி போனாலும் ஃபியூஷன் மொத்தத்தையும் மறுத்துவிடும். சொற்செயலியில் திறந்து திருத்தியிருந்தால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்தவையாக மாறியிருக்கும். அவற்றைப் பழையபடி நேராக்குங்கள். செய்தியாக அல்லாமல் கோப்பாக, ஆவணம் என்ற வகையில் அனுப்பச் சொன்னால் இவ்வளவும் தேவையில்லை.

அறிகுறி: வகுப்புக் கணினியில் ஒவ்வொரு நாளும் அழிகிறது

பயிற்சி வகுப்புகளில் கணினியை அணைத்தவுடன் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருளை நிறுவியிருப்பார்கள். சி டிரைவில் எழுதியது எதுவும் மறுநாள் இருக்காது. அங்கே பிழை என்று நீக்க ஒன்றும் இல்லை. பென் டிரைவில் சேமியுங்கள், வேலை தொடங்கும்போது கோப்பை நோடுப் பரப்பின் மேல் இழுத்துப் போடுங்கள்.

சொந்தக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதே இழப்பு வேறு வழியில் வருகிறது. எனக்கே வந்தது. திருத்தக் கொடுத்த இடத்தில் "டி டிரைவில் இருப்பது பத்திரம்" என்று சொல்லிவிட்டு சி டிரைவை ஃபார்மட் செய்தார்கள். வீடியோக்கள் எல்லாம் இருந்தன. ஆப்டேட்டாவும் அதற்குள் இருந்த மூடுபனியின் முதல் வடிவமும் போய்விட்டன. டி டிரைவில் இருந்த பழைய புராஜெக்ட் ஒன்றிலிருந்துதான் அதை மீட்டேன்.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு நாள் மேக்ரோஸ், டெம்ப்ளேட்ஸ், டிஃபோல்ட்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளையும் தேதியிட்ட ஒரே கோப்புறையில் போட்டு டி டிரைவிலும் ஒரு பென் டிரைவிலும் வைக்கிறேன். எல்லாம் சேர்ந்தும் ஒரு புகைப்படத்தின் அளவைத் தாண்டியதில்லை. பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளையும் உடன் வைக்கிறேன். புதிய கணினியில் ரிசால்வை நிறுவி, ஒரு முறை திறந்து மூடி, அந்த மூன்றையும் சப்போர்ட்டுக்குள் இருக்கும் ஃபியூஷன் கோப்புறையில் ஒட்டி, மீண்டும் திறக்கிறேன். நோடுப் பரப்பில் ஷிஃப்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்திப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டுவதற்குள் மூடுபனி பட்டியலில் வந்து நிற்கிறது.